கல்லூரி மாறினால் கிரெடிட் மாறுமா?

வணிகவியல் மாணவனாகிய எனக்குக் 'கிரெடிட்' என்றதும் பேரேட்டின் வரவுப் பக்கமே நினைவுக்கு வரும். பல்கலைக் கழகத்திலும் அஃது ஒரு வரவுதான். ஆனால் பணத்தின் வரவன்று, படிப்பு நேரத்தின் வரவு. ஒரு பருவம் முழுவதும் வாரம் ஒரு மணி நேர விரிவுரைக்கு ஒரு கிரெடிட் என்பது பொதுக் கணக்கு. செய்முறை வகுப்பாயின் இரண்டு மணி நேரம் வேண்டும். இவ்வரவைக் கல்லூரி விட்டுக் கல்லூரி கொண்டு செல்ல இயலுமா?

சோமனூர்ப் பக்கத்தைச் சேர்ந்த என் பள்ளித் தோழன் ஒருவன், விசைத்தறித் தொழிலாளியின் மகன். அவன் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் பி.காம். முதலாண்டை முடித்த வேளையில், குடும்பம் பிழைப்புத் தேடி வெளி மாவட்டம் சென்றது. மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இடப்பெயர்வுச் சான்றிதழ் மூன்றையும் பெற்றுச் சென்றான். இரண்டாம் ஆண்டில் இடமும் கிடைத்தது. பின்னரே இடர் தெரிந்தது. அவன் படித்தது வணிகக் கணிதம். அங்கே அவ்விடத்தில் இருந்தது புள்ளியியல். இரண்டிற்கும் கிரெடிட் ஒன்றே, தாள் வேறு! இன்னொரு தாள், இங்கே மூன்றாம் பருவத்தில் வரவிருந்தது. அங்கே இரண்டாம் பருவத்திலேயே முடிந்துவிட்டிருந்தது. இரவில் தறி ஓட்டிக்கொண்டே இரு தாள்களையும் தனியாகப் படித்து எழுதினான்.

காரணம் எளிது. ஒரு காலத்தில் கோவைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன. 1982-இல் பாரதியார் பல்கலைக் கழகம் தோன்றியது. தன்னாட்சிக் கல்லூரிகளும் பெருகின. தன்னாட்சி பெற்ற கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக் கழகம் வழங்கும். எனவே ஒரே நகரில், ஒரே பட்டத்திற்கு வெவ்வேறு தாள்கள்! இதில் குறை காண்பதற்கில்லை. இடையில் ஊர் மாறுபவனுக்கே இது தொல்லை.

2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு 'கல்விசார் கிரெடிட் வங்கி'க்கு விதிகள் வெளியிட்டது. அதன்படி கிரெடிட்டுகள் மாணவர் கணக்கில் சேரும். ஏழாண்டு வரை செல்லும். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதியேனும் ஈட்டியிருத்தல் வேண்டும். ஆயினும் வங்கி எண்ணிக்கையைத்தான் காக்கும். கணிதம் புள்ளியியலுக்கு ஈடாகுமா என்பதைச் சேர்த்துக்கொள்ளும் இடமே முடிவு செய்யும்.

ஐரோப்பாவில் 1989-இல் தொடங்கிய கிரெடிட் முறையில் முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். சில காலம் அயல்நாட்டில் பயிலச் செல்லும் மாணவரும், அனுப்பும் கல்லூரியும், ஏற்கும் கல்லூரியும், எத்தாள்கள் கணக்கில் கொள்ளப்படும் என்பதைப் புறப்படுமுன்பே எழுதிக் கையொப்பமிடுவர். என்னைக் கவர்ந்தது இவ்வொப்பந்தமே.

நம்மிடம் அது வரும்வரை, கல்லூரி மாற நேரும் மாணவ நண்பர்கள், முடித்த தாள்களின் பாடத்திட்டப் பக்கங்களில் துறைத் தலைவரின் கையொப்பமும் கல்லூரி முத்திரையும் பெற்றுச் செல்க. எத்தாளுக்கு எத்தாள் ஈடு என்பதைப் புதிய இடத்தில் கட்டணம் செலுத்துமுன் எழுத்தில் கேட்டு வாங்குக. என் தோழனுக்கு அவ்விவரம் கிடைத்தபோது ஒரு பருவத் தேர்வே முடிந்துவிட்டது.