ஒற்றை அறையில் தொடங்கிய நூலகம்

நுழையும்முன்

ஊர் நூலகம் என்பது அரசு கட்டித் தரும் கட்டடம் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஊர்மக்கள் தம் கைப்பொருளைக் கொண்டு எழுப்பிய நூலகங்களும் உண்டு. ஈழத்தின் வடபுலத்தில் அவ்வாறு எழுந்த நூலகம் ஒன்றின் வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கே. எம். செல்லப்பா, 1933ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு நூலகத்தை நடத்தத் தொடங்கினார். அதன் பயனை உணர்ந்த ஊர்ப்பெரியோர் மறு ஆண்டில் ஒன்றுகூடிக் குழு அமைத்தனர். 1934 ஆகஸ்டு முதல் நாளன்று ஆசுபத்திரி வீதியில் வாடகை அறை ஒன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும் முப்பது அளவிலான நாளிதழ்களும் பருவ இதழ்களுமே. இன்று ஒரு மேல்நிலைப்பள்ளியின் நூலகத்திலேயே இதனினும் மிகுதியான நூல்கள் இருக்கக்கூடும். 1935இல் நகரின் உள்ளாட்சி மன்றம் அதன் பொறுப்பை ஏற்றது.

வாசகர் பெருகவே தனிக்கட்டடம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சொத்து வரியோடு நூலக வரியும் பெறப்படுகிறது. யாழ்ப்பாணத்து மக்களோ களியாட்ட விழாக்களையும் பரிசுச் சீட்டுக் குலுக்கலையும் நடத்திப் பொருள் திரட்டினர். நகர முதல்வர் சாம் சபாபதியும் லோங் அடிகளாரும் இப்பணியில் முன்னின்றனர். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் அறிவுரை வழங்கினார். நூல்கள் பூட்டிவைக்கப்படுவதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது அவரது நூலகக் கொள்கையின் அடிப்படை. சென்னைக் கட்டடக்கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடக் கட்டடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பெற்ற நூலகம் 1959 அக்டோபரில் திறக்கப்பட்டது. முகப்பில் கலைமகள் சிலை அமைந்தது. பின்னர்ச் சிறுவர் பகுதியும் சேர்ந்தது.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளை, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தவர். ஏடு தேடிக் காத்த மரபுடைய அம்மண்ணில், குடும்பங்கள் வழிவழியாகப் பேணிய ஓலைச்சுவடிகளும் அரிய பழம்பதிப்புகளும் பொது நூலகத்தை வந்தடைந்தன. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் நூல் தொகுப்பும் அவற்றுள் ஒன்று. அச்சுநூல் ஒன்று அழிந்தால் அதன் மற்றொரு படியைத் தேடிப் பெறலாம். கையால் எழுதப்பட்ட சுவடி அத்தகையதன்று. ஒரே படியாக எஞ்சிய சுவடி அழியுமாயின் அதிலுள்ள பாடமும் அதனோடு அழியும்.

1981ஆம் ஆண்டு மே இறுதியில் யாழ் நகரில் வன்முறை மூண்டது. அதன் தொடர்ச்சியாக நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. காவல்துறையினரும் வன்முறைக் கும்பலும் இதில் ஈடுபட்டதாக நேரில் கண்டோர் உரைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார், நூலகம் எரியக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பர். அரை நூற்றாண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த செல்வம் அது. எரிந்தவற்றுள் இன்னவை இருந்தன என முழுமையாகப் பட்டியலிடுவதும் எளிதன்று.

மக்கள் மீண்டும் நூல்கள் திரட்டினர். 1984இல் நூலகத்தின் ஒரு பகுதி இயங்கத் தொடங்கியது. அதனையும் போர் சிதைத்தது. ஒரு நூலும் ஒரு செங்கல்லும் தருக என்னும் வேண்டுகோளுடன் 1990களின் இறுதியில் அரசு மறுசீரமைப்பைத் தொடங்கியபோது, கருகிய சுவர்களை நினைவுச்சின்னமாக அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும் என வாதிட்டோரும் இருந்தனர். அவர்தம் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. எனினும் மாணவர்க்குப் படிக்க இடம் வேண்டியிருந்தது. இன்று அதே இடத்தில், பழைய வடிவிலேயே, வெண்ணிறக் கட்டடம் வாசகர்க்குத் திறந்திருக்கிறது.

2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்னும் பெயரில் மின்னூலகம் ஒன்றை உருவாக்கி வருகின்றனர். ஈழத்து நூல்கள், இதழ்கள், சுவடிகள் ஆகியவற்றை அவர்கள் பக்கம் பக்கமாகப் படியெடுக்கின்றனர். அப்படிகள் ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படுவதில்லை.