மணியாச்சி தெரிந்தவருக்கு ஹாம் புதிதில்லை

நாகலாபுரத்துக்கு ரயில் கிடையாது. மீளவிட்டானில் தொடங்கி அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் போகவேண்டிய புதிய பாதை வருஷக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. ரயில் வேண்டுமென்றால் இன்றைக்கும் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோதான் போக வேண்டும். மிளகாயும் உளுந்தும் விளைகிற இந்தக் கரிசல் காட்டிலிருந்து படித்துப் போகிற பிள்ளைகள் வெளிநாட்டில் வேலையில் அமர்ந்து, அப்பா அம்மாவை ஒருதடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். விமானத்துக்கு யாரும் பெரிதாகப் பயப்படுவதில்லை. இறங்கியபின் ரயில் மாற வேண்டும் என்றதும்தான் ஊரில் ஆளுக்கொரு கதை கிளம்புகிறது.

“வெளிநாட்டு வண்டி ஒரு நிமிஷம் பிந்தாது” என்பது முதல் கதை. ஜப்பானுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இது ஓரளவு பொருந்தும். ஜெர்மனிக்குப் பொருந்தவே பொருந்தாது. 2024இல் அங்கே குறித்த நேரத்துக்கு வந்த நெடுந்தூர ரயில்கள் 62.5 சதவீதம்தான். அதிலும் ஆறு நிமிடத்துக்குள் பிந்தியதை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை. முத்துநகர் எக்ஸ்பிரஸைத் திட்டிப் பழகியவர்களுக்கு பிராங்க்பர்ட் பிளாட்பாரம் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

“வண்டி மாற ஆறே நிமிஷம் போட்டிருக்கு, பெட்டியோட எப்படிய்யா ஓடுறது?” இந்தக் கவலைக்குப் பதில் நாட்டுக்கு நாடு வேறு. சுவிட்சர்லாந்தில் அந்த ஆறு நிமிடம் திட்டமிட்டு வைத்தது. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்று, 2004 டிசம்பரில் முழு வடிவம் எடுத்த கால அட்டவணை அது. பெரிய நிலையங்களுக்கு வண்டிகள் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து, அடித்தபின் கிளம்பும். அதற்காகவே சூரிச்சிலிருந்து பெர்னுக்கு ஆகும் நேரத்தை ஒரு மணிக்குள் குறைத்தார்கள். ஜெர்மனியில் அதே ஆறு நிமிடத்தை நம்பி டிக்கெட் எடுப்பது சூதாட்டம். அங்கே அரைமணி இடைவெளியாவது விட்டுப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் பெரிய பயம், கனெக்ஷன் வண்டியைத் தவறவிட்டால் பணம் போச்சு என்பது. இங்கேதான் ஊர்க்கதை முழுக்கத் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, போய்ச் சேர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தும் என்று தெரிந்தால் பயணி பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வேறு வண்டியில் அனுப்பச் சொல்லலாம். ஒன்றிலிருந்து இரண்டு மணி பிந்திச் சேர்ந்தால் கட்டணத்தில் கால்பங்கு திரும்பக் கிடைக்கும், இரண்டைத் தாண்டினால் பாதி. கடும் புயல், வெள்ளம் போன்றவை இழப்பீட்டுக்கு விலக்கு. ஜெர்மனியில் இன்னும் ஒரு சலுகை உண்டு. இருபது நிமிடம் பிந்தும் என்றாலே, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டோடு வேறு வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை: பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டாக இருக்க வேண்டும். நாலு காசு மிச்சம் பிடிக்க இரண்டு துண்டாக எடுத்தால், இரண்டாவது வண்டியைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பில்லை. விமானம் பிந்தியதும் ரயில்காரர் கணக்கில் வராது. வந்திறங்கும் நாளுக்கு மட்டுமாவது எந்த வண்டியிலும் ஏறக்கூடிய டிக்கெட்டைப் பிள்ளைகள் எடுத்துக்கொடுப்பது நல்லது. நம் ஊரிலும் 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பி.என்.ஆரை இணைக்க வழி இருக்கிறது. முதல் வண்டி பிந்தி அடுத்தது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பும். இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

“சரியான வண்டியில ஏறிட்டா போதும், ஊரு வந்துரும்.” போதாது. சரியான பெட்டியிலும் ஏற வேண்டும். கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழும்பூரிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிப் பெட்டிகளும் சேர்ந்து வந்த காலம் உண்டு. மணியாச்சியில் அவற்றைக் கழற்றுவார்கள். அசந்து தூங்கியவர் வேறு பெட்டியில் இருந்தால் திருநெல்வேலியில்தான் விழிப்பார். பெர்லினிலிருந்து வரும் அதிவேக வண்டிகள் சில இதேபோல ஹாம் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பாதி வூப்பர்டால் வழியாகக் கொலோனுக்கும், மறுபாதி டார்ட்மண்ட் வழியாக டூசல்டார்ஃபுக்கும் போகும். டோக்கியோவில் ஒன்றாகக் கிளம்பும் பச்சை ஹயாபூசாவும் சிவப்புக் கொமாச்சியும் மொரியோகாவில் பிரிந்துவிடும்.

டிக்கெட் இருந்தால் சீட்டும் இருக்கும் என்பது இன்னொரு கற்பிதம். ஜெர்மனியில் இரண்டும் தனித்தனி. டிக்கெட் ஏறுவதற்கு, சீட்டுக்குத் தனிக் கட்டணம். பதிவு செய்தவர் கால்மணி நேரத்துக்குள் வந்து உட்காராவிட்டால் உரிமை போய்விடும். பிரான்சின் அதிவேக வண்டிகளில் பதிவில்லாமல் ஏறவே முடியாது. ஜப்பானில் பல அதிவேக வண்டிகளில் நம் அன்ரிசர்வ்டு போலவே தனிப் பெட்டிகள் உண்டு, தொங்கிக்கொண்டு மட்டும் போக முடியாது. நிலையத்தில் தடுப்புக் கதவு இல்லாததைப் பார்த்துவிட்டு ஜெர்மனியில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தால், பரிசோதகரிடம் 60 யூரோ தண்டம் கட்ட நேரும்.

சிங்கப்பூர் போகிறவர்கள் அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் வண்டி உண்டு என்று இன்னமும் சொல்கிறார்கள். அது கிளம்பிய தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30உடன் மூடியாயிற்று. இப்போது உட்லண்ட்ஸில் சிறு வண்டி ஏறினால் ஐந்து நிமிடத்தில் ஜொகூர் பாரு. அங்கே மாற வேண்டும். மலேசியக் குடிநுழைவுச் சோதனையும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும்.

மூட்டை விஷயத்தில் மட்டும் ஊர்ப் பயம் நியாயமானது. போர்ட்டரை எதிர்பார்க்க முடியாது. டோக்கியோ, ஒசாகா வழி செல்லும் அதிவேக வண்டியில் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு 2020 மே முதல் முன்பதிவு கட்டாயம். அதற்கான சீட்டைக் கேட்டு எடுத்தால் கூடுதல் காசில்லை. எடுக்காமல் ஏறினால் 1,000 யென். பெட்டி வாங்கக் கடைக்குப் போகும்போதே டேப்பும் கையில் இருக்கட்டும்.