அருகே செல்வதற்கான லென்ஸ்

டிஜிட்டல் காமிரா ஒன்றை வாங்கி, அதனுடன் வந்த லென்ஸில் ஓராண்டு பழகிக் கையும் கண்ணும் ஒருவாறு பண்பட்ட பிறகு, அதி அகலக்கோண லென்ஸ் ஒன்றையும் வாங்கிவிட வேண்டுமென்று ஆவல் கொள்ளும் அன்பர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலோர் கூறும் விடை, எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம் என்பதே. இந்தக் கலையில் மனிதரை ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடுவது இந்த நம்பிக்கையைப் போல வேறொன்றும் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடக்கலாம் என்பது மெய்தான். ஆனால் கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில் நின்று, எதிரே விரியும் மலைகளை அந்த லென்ஸால் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு அத்தனை கம்பீரமாகத் தோன்றிய சிகரங்கள் படத்தின் நடுவே மெல்லிய கோடாகச் சுருங்கிக் கிடக்க, மேலே வெறும் ஆகாயமும் கீழே வெறுந்தரையுமே மிஞ்சும். கோணம் விரிய விரியப் பொருள்கள் சிறுத்துப்போவது நியதி. சமீபத்திலுள்ள பொருளானால் இன்னும் நெருங்கிச் சென்று அந்தக் குறையை ஈடுசெய்யலாம். மலையிடம் அது நடவாது. ஆதலால் காலடியில் பூத்திருக்கும் காட்டுச்செடி ஒன்றின் முன் முழ தூரத்தில் மண்டியிட்டு, அது முன்புறத்தில் பெரிதாக எழவும் மலை அதற்குப் பின்னணியாக அமையவும் எடுத்தால்தான் இந்த லென்ஸின் சுபாவம் வெளிப்படுகிறது. கிராப் சென்சார் எனப்படும் சிறிய சென்சார் கொண்ட காமிராவில் 10 மி.மீ. லென்ஸை மாட்டி, எஃப் 8 துவாரத்தில் 65 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய ஓர் அடியிலிருந்து அடிவானம் வரை யாவும் தெளிவாகவே விழும்.

முகங்களை இது விகாரப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் விழுவதற்குக் காரணம் லென்ஸ் அன்று, நாம் நிற்கும் தூரமே. அதே இடத்தில் நின்று வேறொரு லென்ஸால் எடுத்து, அகலக்கோணப் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி அதனுடன் ஒப்பிட்டால், இரண்டிலும் முகத்தின் அமைப்பு ஒன்றாகவே இருப்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஓரங்களில் உருவங்கள் இழுபடுவது வேறு. நேர்க்கோடுகளை நேர்க்கோடுகளாகவே தட்டையான சென்சாரில் பதிப்பதற்குக் கொடுக்கும் விலை அது. மையத்திலிருந்து 45 பாகை விலகிய முகம் வெளிப்புறமாக 2 மடங்கும் குறுக்கே ஏறத்தாழ 1.4 மடங்கும் நீளும். இது கணித விதியாதலால் எத்தனை ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவிட்டாலும் நீங்காது. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றில் மேடைக்கு முன் இடம் போதாமல் இந்த லென்ஸை மாட்டி நான் எடுத்த குடும்பப் படத்தில், ஓரத்தில் நின்ற பெரியம்மாவின் முகம் அடையாளமே மாறிப் பரந்து விழுந்திருந்தது; அதைக் கையில் வாங்கிப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்ததை நான் மறக்கவில்லை. அன்று முதல் படத்தின் ஓரத்தில் மனிதரை நிறுத்துவதில்லை.

கோபுரங்கள் பின்னுக்குச் சாய்வதும் லென்ஸின் பிழையன்று. காமிராவை நாம் அண்ணாந்து பிடிப்பதன் விளைவு. மட்டமாகப் பிடித்தால் சாயாது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல 200 அடிக்கு மேல் உயர்ந்ததை, கிராப் சென்சார் காமிராவைச் செங்குத்தாகவும் மட்டமாகவும் பிடித்து முழுமையாக எடுக்க, 18 மி.மீ. லென்ஸுக்கு 300 அடிக்கு மேல் விலக வேண்டும், 10 மி.மீ. லென்ஸுக்கு அதில் ஏறத்தாழப் பாதி தூரமே போதும். பிராகாரங்களிலும் குறுகிய சந்நிதித் தெருக்களிலும் இந்த வேறுபாடு பெரும் உபகாரம்.

10 மி.மீ. லென்ஸுக்கும் 12 மி.மீ. லென்ஸுக்கும் உள்ள 2 மி.மீ. வித்தியாசம் அற்பமானது என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 200 மி.மீ. லென்ஸில் அது அற்பமே. ஆனால் கிராப் சென்சாரில் 12 மி.மீ. தரும் மூலைவிட்டக் கோணம் ஏறக்குறைய 99 பாகையாயிருக்க, 10 மி.மீ. 109 பாகையைத் தருகிறது.

மூலைகள் இருண்டால் லென்ஸ் மட்டமானது என்பாரும் உளர். 1900-ஆம் ஆண்டில் கோயெர்ஸ் கம்பெனியார் வெளியிட்ட ஹைப்பர்கான் லென்ஸ், 135 பாகை அளவுக்குக் காட்சியை விரித்தபோது, நடுவின் மிகுந்த ஒளியைத் தணித்து மூலைகளுக்குச் சமமாக்குவதற்காகவே காற்றால் சுழலும் நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றை அதன் முன் பொருத்தினார்கள். அத்தனை பழமையான இயல்பை இன்று காமிராவும் மென்பொருளும் பெருமளவு திருத்திவிடுகின்றன.

எஃப் 2.8 துவாரம் இன்றியமையாததென்பதும் அதுபோன்ற தவறான எண்ணமே. நட்சத்திரங்களை எடுப்பவருக்கு அது தேவை. மற்றவருக்கு எஃப் 4 லென்ஸே எடையிலும் விலையிலும் இலகுவானது.

வாங்குமுன் ஒரு மாதம், கையிலுள்ள லென்ஸை அதன் மிக அகன்ற கோணத்திலேயே நிறுத்திவைத்து, ஜூம் வளையத்தைத் திருகாமல், எதையும் நெருங்கிச் சென்றே படமெடுத்துப் பாருங்கள். இன்னும் நெருங்கவேண்டும், நெருங்கிய பின்பும் சுற்றுப்புறம் விடுபடலாகாது என்ற தவிப்பு அப்போதும் எழுமானால், கடைக்குச் செல்லலாம்.