கரிசனம் ஷிப்மென்டைக் காப்பாற்றுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தன்மையாகப் பேசினால் ஏமாளி என்கிறார்கள். கண்டிப்புதானே வேலை வாங்கும்? - ஒரு வாசகர், அனுப்பர்பாளையம்.

பதில்: வேலை வாங்கும், ஆளைத் தங்க வைக்காது. திருப்பூரில் தையல் தெரிந்தவருக்கு அடுத்த தெருவிலேயே வேலை காத்திருக்கிறது. ஓவர்லாக் டைலர் ஒருவர் திங்கட்கிழமை வராவிட்டால் அவருக்கு அடுத்த மெஷின், கைமடி, செக்கிங் என்று வரிசையே தேங்கும்; ஷிப்மென்ட் தள்ளிப்போகும். பீஸ்ரேட்டில் எல்லோர் கூலியும் குறையும். அப்படியானால் ஆளைத் தங்க வைப்பது எது? இந்திய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் அச்யுதா அத்வர்யு உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். ஊதிய உயர்வு எதிர்பார்த்த அளவு வராத நேரம் அது. வேலை, மேற்பார்வையாளர் பற்றியெல்லாம் சிலரிடம் மட்டும் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைவு. கேட்டதற்குச் செலவு என்ன? ஒரு படிவம்!

"தேன் தடவிய பேச்சு கூலிக்கு ஈடாகுமா?" என்று தொழிற்சங்கத்தார் கேட்பார்கள். ஆகாது. ஓவர்டைம் பாக்கியை வைத்துக்கொண்டு "சாப்டீங்களா?" என்று விசாரிப்பது கரிசனமே அல்ல. தவறான தையலைத் தன்மைக்காக விட்டுவிடுவதும் அப்படித்தான். பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள், பத்துப் பேர் முன்னால் கத்தாமல். ஒடிசாவிலிருந்து வந்த பையனை "ஏய் இந்திக்காரா" என்னாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆறு மாதம் இப்படி நடத்திவிட்டு, உங்கள் லைனின் வருகைப் பதிவேட்டைப் பக்கத்து லைனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.