இளங்கோழிகளை இராக்கூட்டில் அடையப் பழக்குதல்

கோழி வளர்ப்போர்க்கு நேரும் நஷ்டங்களுள் பெரும்பகுதி இருட்டிய பின்னரே நேர்கின்றது. குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில் காட்டப்படும் சிரத்தை, இறகு நிரம்பியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஐந்தாறு மாதம் தீனியிட்டு, முட்டையிடும் பருவத்தில் ஒரு பெட்டையை மரநாய்க்கு இரையாக்குவது, கதிர் முற்றிய வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவதற்கு ஒப்பாகும்.

கோழி மரமேறுவதை அதன் கெட்ட பழக்கம் என்று பலர் நினைக்கின்றனர். வீட்டுக்கோழிகளின் மூலமாகிய செங்காட்டுக்கோழி, இரவில் கிளைகளில் தங்கும் பறவை. ஆதலின் பொழுது சாயும்போது உயரமான இடத்தை நாடுவது அதன் இயல்பேயாம். தாய்க்கோழியுடன் வளரும் குஞ்சுகள், அது அடையும் இடத்திலேயே அடையக் கற்கின்றன. பொறியில் பொரித்து விலைக்கு வாங்கப்படும் குஞ்சுகளுக்கோ வழிகாட்டும் தாய் இல்லை. அவற்றிற்கு வளர்ப்பவரே கற்பித்தல் வேண்டும்.

சென்னைப் பட்டணத்தின் தென்பகுதி இதற்குத் தக்க உதாரணமாகும். மாம்பலத்தருகே இருந்த நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்படலாயிற்று. அவ்விடத்தில் தியாகராய நகர் எழுந்தது. ஆயினும் மயிலாப்பூர், அடையாறு முதலிய இடங்களில் தோட்டமுள்ள வீடுகளிலும் கடலோரக் குப்பங்களிலும் இன்றும் கோழிகள் உண்டு. நந்தனத்தில் பல்லாண்டு நடைபெற்று, பின்னர் மாதவரத்துக்கு மாற்றப்பட்ட கோழியின ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ‘நந்தனம்’ கோழி, அவ்வூர்ப் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றது.

இப்பகுதியில் கீரி பகலிலும், மரநாய் இரவிலும் திரியும். மரநாய் ஓட்டுக்கூரையிலும் மச்சிலும் பகலெல்லாம் உறங்கி, இருட்டியபின் கிளைவழியே வரும். ஆகவே முருங்கையின் உச்சியில் அடைந்த கோழியும் அதற்குத் தப்பாது. பெருச்சாளியும் தெருநாயும் மரமேறாத கோழியைப் பார்த்துக்கொள்ளும்! மரநாயையும் கீரியையும் பொறிவைத்துப் பிடிப்பதோ கொல்வதோ 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், கூட்டைச் சீர்செய்து கோழியை அதனுள் பழக்குவதே நேர்வழி.

பழக்கத் தொடங்குவதற்குத் தக்க வயது ஆறு முதல் எட்டு வாரம். குஞ்சுகளைக் கூட்டினுள் விட்டு, ஐந்து முதல் ஏழு நாள் வரை வெளியே விடாமல் வைத்தல் வேண்டும். தீனியும் நீரும் உள்ளேயே இருக்கட்டும். இரண்டாம் நாளே இரக்கப்பட்டுத் திறந்துவிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் முதலிலிருந்து தொடங்க நேரிடும். தகரக் கூரையாயின் அதன்மேல் தென்னங்கீற்று வேயாமல் கோடையில் இதனைச் செய்தல் கூடாது. உஷ்ணத்தால் இளைக்கும் கோழி அக்கூட்டைப் பின்னும் வெறுக்கும்.

அதன்பின் முதல்நாள், பொழுது சாய ஒரு மணி நேரத்திற்கு முன்னர் மட்டும் கதவைத் திறக்கவேண்டும். பிற்பகலில் தீனி குறைத்திருந்தால் அவை தொலைவில் போகா. நொய்யோ கம்போ ஒரு பிடி எடுத்து, நாள்தோறும் ஒரே குரலில் அழைத்துக் கூட்டினுள்ளேயே இறைத்தல் வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் முன்னதாகத் திறந்து, ஒரு வாரத்தில் காலையிலேயே விடலாம். அழைக்கும் குரலை வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு விதமாக மாற்றாதிருப்பது நலம்.

கடிகாரத்தைப் பார்த்துக் கதவடைப்பது தவறு. சென்னையில் நவம்பர் நடுவில் சூரியன் மாலை ஏறக்குறைய 5.40-க்கும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40-க்கும் மறைகின்றது. கோழி சூரியனையே கணக்கிடும். மங்கலொளியில் அதற்குக் கண் தெளிவாய்த் தெரியாது. கூட்டின் உட்புறம் வெளியைவிட இருண்டிருப்பின் நுழைய அஞ்சும். ஆதலின் முதல் சில நாள் உள்ளே சிறு விளக்கொன்று வைத்து, யாவும் அமர்ந்தபின் எடுத்துவிடலாம். பட்டணத்தில் தெருவிளக்கு இதற்கு நேர்மாறாக வேலை செய்யும்: அதன் ஒளி விழும் மதிற்சுவரில் கோழிகள் நெடுநேரம் நின்றுகொண்டிருக்கும். கூட்டை அவ்வொளிக்கு மறைவில் வைப்பதைவிட, அவை நிற்குமிடத்தை ஒரு சாக்கால் இருட்டாக்குவது எளிது.

இவ்வளவுக்குப் பின்னும் இரண்டொன்று மரத்தையே நாடும். அவற்றைத் துரத்துதல் வீண். நன்கு இருட்டியபின், அரவமின்றி இரு கைகளாலும் தூக்கிக் கூட்டினுள் கம்பின்மேல் அமர்த்தவேண்டும். மூன்று நான்கு இரவு விடாது செய்யின் பெரும்பாலும் திருந்திவிடும். தாழ்ந்த கிளையை வெட்டுவதும், ஒரு பக்கத்து இறக்கையின் பறப்பிறகுகளைக் கத்தரிப்பதும் பிடிவாதக் கோழிகளுக்கு உதவும்.

பழகிய கோழி திடீரென உள்ளே போக மறுத்தால், பிழை கூட்டில் உள்ளதென்று கொள்க. பகலில் கம்பின் இடுக்குகளில் ஒளிந்து இரவில் இரத்தம் உறிஞ்சும் உண்ணியே அடிக்கடி காரணமாயிருக்கும். விளக்குடன் சென்று கம்பின் அடிப்புறத்தைப் பார்த்தால் தெரியும். எச்சத்தின் கார நெடி, பாம்பின் நடமாட்டம், மூத்த கோழிகளின் கொத்தல் ஆகியனவும் உண்டு. கம்பு இரண்டங்குல அகலத்தில், முனை மழுங்கி, இளங்கோழிக்கு ஓரடி உயரத்தில் இருத்தல் போதும். எல்லாக் கம்புகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் உயர்ந்த இடத்துக்கான சண்டை இராது. கம்பு பழகாத குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேலொன்று குவிந்து மூச்சடைத்து மடிவதுண்டு. மூலைகளைப் பலகையிட்டு வளைவாக்குக.

சென்னையில் மழை வடகிழக்கிலிருந்தும், கோடைப் பிற்பகலின் கடற்காற்று தென்கிழக்கிலிருந்தும் வருமாதலால், கூட்டின் வலைப்புறம் தெற்கு நோக்கியிருப்பது உத்தமம். வலைக்கண் அரையங்குலத்திற்கு மேற்படலாகாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கண்ட தாழ்ந்த பகுதிகளில் தளத்தை இரண்டடிக்குக் குறையாமல் உயர்த்துதல் வேண்டும். பழக்கத்தைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டால், ஐப்பசி மழையில் நனைந்த கோழியைத் தேடி அலையவேண்டியதில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1927-இல் இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு, ஏறக்குறைய எட்டாம் வாரத்தில் தடுப்பூசி போடப்படுகிறது. கூட்டில் பழக்கும் வயதும் அதுவே. முகாம் நாளன்று விடியுமுன் கதவைத் திறவாதிருக்கும்படி முன்மாலையே வீடுகளுக்குச் சொல்லியனுப்பினால், மரத்துக்கு மரம் துரத்திப் பிடிக்கவேண்டிய கோழிகளைக் கூட்டிலிருந்தே ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுக்கலாம்.