விமானம் ஏன் தாமதிக்கிறது?

முகப்பேர் மாணவர் ஒருவரின் கேள்வி: மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் சென்னையிலிருந்து தில்லி செல்ல ஏன் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி ஆகிறது?

அட்லாசை விரியுங்கள். மீனம்பாக்கத்தின் அட்சரேகை 13.0 பாகை; தில்லி விமான நிலையம் 28.6. வித்தியாசம் 15.6. பாகைக்கு 111 கி.மீ. வீதம் வடக்கே சுமார் 1730 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 3.1 பாகை. வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால், நடுவழியில் பாகைக்கு 104 கி.மீ.தான், மேற்கே 320. பைதாகரஸ் தேற்றப்படி தூரம் 1760 கி.மீ.

850 ஆல் வகுத்தால் 2 மணி 4 நிமிடம். மீதி எங்கே போயிற்று? அட்டவணை நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடிகிறது. தரையில் ஊர்கிறது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, பாதையும் நேர்கோடன்று. ஆகவே சராசரி வேகம் 640 தான். முகப்பேரிலிருந்து மீனம்பாக்கம் போகும் நேரம் தனிக்கணக்கு!