லிஃப்டர்: கழுவுவதா, மாற்றுவதா?

செலாயாங், பத்துமலை வட்டாரத்துப் பட்டறைகளுக்கு ஓவர்ஹாலுக்காக வந்துசேரும் பழைய புரோட்டோன் கார்களுள், 1993-இல் அறிமுகமான வீராவின் 1.6 லிட்டர் ரகமும், 1995-இல் வெளிவந்த பெர்டானாவின் 2.0 லிட்டர் ரகமும் மிட்சுபிஷி எஞ்சின்களைத் தாங்கியவை. ராக்கர் ஆர்ம் நுனியில், வால்வுக்கு ஒன்றாகப் பொருந்தி, எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தாமே ஈடுசெய்துகொள்ளும் சிறு உருளைகளையே இவற்றில் லிஃப்டர் என்கிறோம்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே சப்தத்தைப் பரீட்சிப்பது அவசியம். கேம்ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், லிஃப்டரின் 'டக் டக்' ஒலி அடியிலிருந்து எழும் பேரிங் ஒலியைக் காட்டிலும் நிதானமாகவும் மெல்லியதாகவும் கேட்கும். காலையில் கிளப்பியதும் சற்று நேரம் ஒலித்து அடங்குமாயின், இரவில் எண்ணெய் வடிந்துபோனதே பெரும்பாலும் காரணம். அதற்காக எஞ்சினைப் பிரிப்பது வீண். சூடேறிய பிறகு ஐடிலில் மட்டும் ஒலிக்குமாயின், லிஃப்டரைக் குறைகூறுமுன் கேஜ் பொருத்தி எண்ணெய் அழுத்தத்தை அளந்துவிட வேண்டும். ஏனெனில் பம்பும் பேரிங்கும் தேய்ந்த எஞ்சினில் எத்தனை உயர்ந்த லிஃப்டரும் பிரயோஜனப்படாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் கசிவும் இதே குரலில் பேசி அனுபவசாலிகளையே ஏமாற்றும் என்பதையும் மறக்கலாகாது.

அழுத்தம் சரியாக இருந்து, எஞ்சினும் பிரிக்கப்பட்டுவிட்டால், கழுவிப் பார்ப்பதே முதல் உபாயம். சுத்தமான டீசலில் லிஃப்டரை அமிழ்த்தி, மெல்லிய கம்பியால் உள்ளேயுள்ள குண்டை இலேசாக அழுத்திக்கொண்டே பிளஞ்சரை மேலும் கீழும் இயக்கினால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். பின் கம்பியை எடுத்துவிட்டு விரலால் அழுத்துகையில் அது கல்லெனத் தாங்கினால் நலம். ஸ்பிரிங் வைத்ததுபோல் அமுங்கினால் மறுபடியும் ஒருமுறை முயன்று, அப்போதும் அமுங்குவதை ஒதுக்கிவிடலாம்.

ஒன்றிரண்டு மட்டும் தோற்றால் அவற்றை மட்டும் மாற்றும் சிக்கனம் நியாயமானதுதான். ஆனால் பாதிக்கு மேல் தோற்றிருந்தால், மற்றவையும் விரைவில் அதே கதியடையும் என்பதால், ஹெட் திறந்திருக்கும்போதே முழுச் செட்டையும் மாற்றுவது கூலியை மிச்சப்படுத்தும். ராக்கரில் கேம் படும் முகம் குழிந்திருந்தால், அதை விட்டு லிஃப்டரை மட்டும் மாற்றுவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமானம். ஹாஃப்-கட் கடைகளில் கிடைக்கும் பழைய லிஃப்டரின் தேய்மானத்தைக் கண்ணால் அறிய வழியில்லை; விலைமலிவைக் கண்டு மயங்கி அதைப் பொருத்துவதைவிட, நம்முடையதையே கழுவிப் பொருத்துவது விவேகம். பெயரற்ற போலிச் சாமானை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பொருத்தும் வேளையில் லிஃப்டரை நிமிர்த்தியே வைத்து, ராக்கரிலிருந்து நழுவி விழாதபடி பிடிப்பானால் தாங்கிக்கொள்ள வேண்டும். முதன்முறை கிளப்பியதும் எழும் ஒலி கண்டு கலங்காமல், எஞ்சினைச் சுமார் 3,000 சுற்றுவரை மெதுவாக ஏற்றி இறக்கிப் பலமுறை ஓட்டினால், உள்ளே எஞ்சிய காற்று வெளியேறிச் சப்தம் அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால், புதிய லிஃப்டர் வாங்கக் கடைக்கு ஓடாமல், மீண்டும் அந்த அழுத்தக் கேஜையே எடுங்கள்.